ஊதக்கா கத்தாத வாரம்

ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில் எக்ஸ்ரே அறையைத் தாண்டி மூன்றாவது கதவு. "நுரையீரல் பரிசோதனை" என்று பலகை தொங்கும். அதைப் படித்து வழி கண்டுபிடித்து வந்தவர்கள் யாரும் கிடையாது. எல்லாரும் காதால் கேட்டுத்தான் வருவார்கள். "ஊது, ஊது, ஊது, ஊது! விடாதே! இன்னும் இருக்கு, உள்ளே இன்னும் இருக்கு, ஊதூ...!" என்று ஒரு பெண் போடும் சத்தத்தில், கீழே மருந்து வாங்கும் வரிசையில் நிற்பவர்கள்கூடத் தங்களை அறியாமல் மூச்சை வெளியே விடுவார்கள்.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரிதான் ஊதக்கா. பெற்றவர்கள் வைத்த பேர் சம்பளப் பட்டியலில் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். நாற்பத்து நாலு வயது, ஐந்தடியைத் தொடாத உயரம், காற்றடித்தால் கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டிய உடம்பு. குரல் மட்டும் ஆறடி.

சோதனை பார்க்கச் சின்னதுதான். நேராக உட்கார்ந்து காலைத் தரையில் ஊன்ற வேண்டும். மூக்கில் ஒரு கிளிப், வாயில் ஓர் அட்டைக் குழாய். மூச்சை முடிந்த மட்டும் உள்ளே இழுத்து, உதட்டால் குழாயை இறுக்கி, ஒரே வீச்சில் ஊத வேண்டும். ஊதிக்கொண்டே இருக்க வேண்டும், ஆறு வினாடிக்கு. ஆறு வினாடி என்ன பெரிய விஷயம் என்பவர்கள் ஒரு தடவை ஊதிவிட்டு வந்து பேசட்டும். இரண்டாவது வினாடியிலேயே உடம்பு "தீர்ந்துபோச்சு" என்று கையை விரித்துவிடும். அது பச்சைப் பொய். உள்ளே அரை லிட்டர் பத்திரமாக ஒளிந்திருக்கும். மனிதப் பிறவி எதையும் முழுசாகக் கொடுப்பதில்லை, கொஞ்சம் மிச்சம் பிடித்துக்கொள்ளும். அந்த மிச்சத்தைப் பிடுங்கத்தான் கத்தல். ஊதக்கா கத்தினால் கல்லும் ஊதும். ஒரு முறை தலைமையாசிரியர் ஒருவரிடம் வாய் தவறி "ஊதுடா!" என்று கத்திவிட்டாள். அவர் கண் கலங்க ஊதி முடித்துவிட்டு, "இந்த நாற்பது வருஷத்துல என்னை யாரும் இப்படி மிரட்டினதில்லைம்மா" என்றார். அன்றைக்கு அவருடையதுதான் முதல் தரமான மூச்சு.

மெஷின் விஷயத்தில் ஊதக்காவிடம் ஒரு தூசி அளவு பிழைகூட நடக்காது. தினமும் காலையில் முதல் வேலை, மூன்று லிட்டர் காற்றுப் பிடிக்கும் பெரிய பம்பை மெஷினில் மாட்டி மெதுவாக ஒரு தடவை, நடுத்தரமாக ஒரு தடவை, வேகமாக ஒரு தடவை தள்ளுவது. மூன்று தடவையும் திரை மூன்று லிட்டர் காட்ட வேண்டும். காட்டினால்தான் அன்றைக்குக் கடை திறப்பு. பத்தொன்பது வருஷமாக ஒரு நாள் தப்பவில்லை. "மெஷினைச் சந்தேகப்பட்டா என்னைச் சந்தேகப்பட்ட மாதிரி" என்று சொல்லிக்கொள்வாள். அப்படிப் பெருமையாகச் சொன்ன வாய்க்குத்தான் பின்னால் வேலை வந்தது.

இனி வீடு. கணவர் தபால்காரர். ஒரே மகள், பதினைந்து வயது, சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் விளையாட்டு மையத்தில் நீச்சல். தபால்காரரின் தங்கை அதே மையத்தில் பளுதூக்கும் பயிற்சியாளர். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு இருபது பிள்ளைகளை "என் பிள்ளைங்க, என் பிள்ளைங்க" என்று கட்டி மேய்க்கிறவள். அண்ணியும் நாத்தனாரும் பத்துப் பதினைந்து வருஷம் ஒரே தட்டில் சாப்பிடாத குறையாகத்தான் இருந்தார்கள். யார் கண் பட்டதோ, எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் விளையாட்டாகச் சொன்னாள்: "நீச்சல் எல்லாம் ஒரு பயிற்சியா அண்ணி? பெரிய தொட்டியில குளிக்கிறதுதானே?"

ஊதக்கா விட்டுக்கொடுப்பாளா? "ஆமா, இரும்பைத் தூக்குறது, தூக்கின இடத்துலயே வைக்கிறது. அதை மூட்டை தூக்குறவங்க உன்னைவிட நல்லாப் பண்றாங்க."

சிரித்துக்கொண்டே ஆரம்பித்தது சிரிக்காமல் முடிந்தது. அன்றிலிருந்து பேச்சு வார்த்தை கிடையாது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்கிற மாதிரி நடுவில் மாட்டியவர் தபால்காரர். பகலெல்லாம் ஊர் கடிதத்தைச் சுமந்துவிட்டு, சாயங்காலம் "உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க", "உங்க பொண்டாட்டிகிட்ட சொல்லுங்க" என்று முத்திரை ஒட்டாத தபாலையும் சுமந்தார்.

இப்படி இருக்கும்போதுதான் நெஞ்சு டாக்டருக்கு அந்த ஆசை வந்தது. எந்தப் பயிற்சி நுரையீரலை என்ன செய்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். எதிரே விளையாட்டு மையம், கையில் ஊதக்கா. நீச்சல்காரர்கள் இருபது பேர், ஓட்டக்காரர்கள் இருபது பேர், பளுதூக்குகிறவர்கள் இருபது பேர். எல்லாரும் வந்து ஊதுவார்கள், உயரம், வயது பார்த்து ஒவ்வொருவரும் எவ்வளவு ஊத வேண்டும் என்று மெஷின் கணக்குப் போடும், அதற்கு எத்தனை சதவீதம் ஊதினார்கள் என்று எழுதினால் ஆயிற்று. டாக்டர் உற்சாகமாக விளக்கினார். "நீச்சல்ல தண்ணி நெஞ்சை அமுக்குது. அதை எதிர்த்து மூச்சு இழுக்கணும், அதுவும் கிடைக்கிற நேரத்துல. தசை பலப்படும். ஓட்டத்துல மூச்சுப் பை பெரிசாகாது, இருக்கிற காற்றை உடம்பு சிக்கனமா பயன்படுத்தக் கத்துக்கும். பளுதூக்கும்போது ஒரு நொடி மூச்சை அடக்கி வயித்தை இறுக்குறாங்க, அது என்ன பண்ணுதுன்னுதான் எனக்குத் தெரியணும்."

தெரிந்துகொள்ள இன்னொரு ஆளும் காத்திருந்தார், மையத்தின் செயலாளர். பளுதூக்கும் ஹால் நல்ல காற்றோட்டமான பெரிய ஹால். அதைக் காலி செய்து நீச்சல் பிள்ளைகள் தரையில் செய்யும் பயிற்சிக்குக் கொடுத்துவிட அவருக்கு ரொம்ப நாள் ஆசை. பளுதூக்குதலால் மூச்சுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை என்று டாக்டர் கையெழுத்துப் போட்டால் போதும், அடுத்த பருவத்திலிருந்து பளுதூக்குதலே கிடையாது, பிள்ளைகள் வேறு விளையாட்டுக்கு மாறிக்கொள்ளலாம் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்.

முதல் வாரம் நீச்சல். அந்த இருபது பேரில் ஊதக்காவின் மகளும் ஒருத்தி. மகளுக்குக் கத்தியது இருக்கட்டும், மகளின் தோழிகள் என்றால் சும்மாவா? "ஊதும்மா, ஊதுடா கண்ணு, விடாதே, தண்ணிக்குள்ள இருக்கிற மாதிரி நெனச்சுக்கோ, இன்னும், இன்னும்!" என்று ஐந்து நாளும் பிளந்து கட்டினாள். இரண்டாம் வாரம் ஓட்டம். வழக்கமான கத்தல், கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. மூன்றாம் வாரம் பளுதூக்குகிற பிள்ளைகள் வந்தார்கள். கதவருகே கையைக் கட்டிக்கொண்டு நாத்தனார்.

ஊதக்காவுக்கு அந்த வாரம் தொண்டையும் கொஞ்சம் கரகரப்புதான். ஆனால் தொண்டை மேல் பழியைப் போடுவது நியாயமில்லை. நாத்தனார் பார்த்துக்கொண்டு நிற்கும்போது வாயைத் திறக்க அவளுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். மரியாதையாக, மிக மரியாதையாக, "ஊதுங்க" என்பாள். பிறகு திரையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நிற்பாள். "சரி. இன்னொரு தடவை ஊதுங்க." ஒவ்வொருவரும் மூன்று தடவை ஊதினார்கள். மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போயின, ஏனென்றால் மூன்றுமே ஒரே அளவு அரைகுறை. மூச்சு ஒத்துப்போனால் விதிப்படி சோதனை சரி. "சரி" என்று எழுதினாள். தான் தப்புச் செய்கிறோம் என்று அவள் நினைக்கவே இல்லை. அதுதான் இதில் கொடுமை.

கணக்கு வந்தது. நீச்சல் நூற்றுப் பன்னிரண்டு சதவீதம், ஓட்டம் நூற்றொன்று, பளுதூக்குதல் தொண்ணூற்றொன்று. யாரும் ஆச்சரியப்படவில்லை. எல்லாரும் எதிர்பார்த்த வரிசையிலேயே வந்தால் யார் ஆச்சரியப்படுவார்கள்? எல்லாரிலும் கடைசியாக வந்தவள் பதினாறு வயதுக் குட்டிப் பெண் ஒருத்தி. சிட்டு என்று கூப்பிடுவார்கள். தன் எடையைவிட ஒன்றரை மடங்கைத் தலைக்கு மேல் தூக்குகிறவள், ஊதியது எண்பத்திரண்டு சதவீதம். ஓட்டக்காரப் பையன்கள் இரண்டே நாளில் அவளுக்கு "பாதி மூச்சு" என்று புதுப்பேர் வைத்துவிட்டார்கள். செயலாளர் வாயெல்லாம் பல்லாக, அடுத்த வெள்ளிக்கிழமையே கமிட்டியைக் கூட்டினார்.

செவ்வாய்க்கிழமை மதியம் ஊதக்காவின் கதவு படாரென்று திறந்தது. நாத்தனார். பேச்சு வார்த்தை இல்லாததால் அவள் சுவரைப் பார்த்துப் பேசினாள்.

"இந்த ரூம்ல இருக்கிற மெஷின் கோளாறுன்னு யாராவது சம்பந்தப்பட்டவங்ககிட்ட சொன்னா நல்லது."

ஊதக்கா ஜன்னலைப் பார்த்துப் பதில் சொன்னாள். "மெஷின் கோளாறுன்னு சொல்றவங்க வந்து பார்த்துக்கலாம்." பம்பை மாட்டினாள், மூன்று தடவை தள்ளினாள். மூன்று லிட்டர், மூன்று லிட்டர், மூன்று லிட்டர். "பார்த்தாச்சா?"

"அப்போ என்னை வெச்சுப் பார்க்கச் சொல்லுங்க."

"உட்காரச் சொல்லுங்க."

யார் யாரிடம் சொல்வது? அறையில் மூன்றாவது ஆளே இல்லை. நாத்தனார் தானாகவே செருப்பைக் கழற்றி உயரம் பார்க்கும் கம்பத்தில் போய் நின்றாள், பிறகு உட்கார்ந்தாள்.

"வயசு?"

"முப்பத்தேழு."

ஊதக்காவுக்குத் தெரியாத வயதா? "ரெண்டு வருஷத்தை முழுங்க வேண்டாம். வயசைக் குறைச்சுச் சொன்னா மெஷின் அதிகமா எதிர்பார்க்கும், சதவீதம் குறைஞ்சுதான் போகும்."

நாத்தனார் கொஞ்ச நேரம் யோசித்தாள். "முப்பத்தொன்பது" என்றாள்.

"ஊதுங்க."

ஊதினாள். மூன்று புள்ளி பூஜ்யம் ஐந்து லிட்டர். இன்னொரு தடவை, மூன்று புள்ளி பூஜ்யம் இரண்டு. இன்னொரு தடவை, மூன்று புள்ளி பூஜ்யம் நாலு. தொண்ணூறு சதவீதத்தைச் சுற்றியே நின்றது. பிள்ளைகளுக்கு வந்த அதே கணக்கு. ஊதக்கா பேனாவை எடுத்தாள். நாத்தனாருக்கு முகம் சிவந்தது. வாயிலிருந்து குழாயை எடுத்து, எட்டு மாதத்தில் முதல் தடவையாக நேருக்கு நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"தொட்டியில குளிக்கிற பிள்ளைங்களுக்கு மட்டும் நூத்துப் பன்னிரண்டு வருமாக்கும்!"

அவ்வளவுதான். "குழாயை வாயில வை" என்றாள் ஊதக்கா. மரியாதை பறந்துவிட்டது. "இழு. இழு. இழு. இன்னும் இழு! இப்ப ஊது! ஊது, ஊது, ஊது! ஊதுடி! வாய்தான் பெரிசா, மூச்சு எங்கே? ஊதுடீ! விடாதே, இன்னும் இருக்கு, நெஞ்சுல வெச்சுக்கிட்டு என்ன பண்ணப்போறே, கொட்டு எல்லாத்தையும்! ஊதூ...!" எட்டு மாதக் கோபமும் அதில் இருந்தது. எதிர் அறை நர்ஸ் ஓடிவந்து எட்டிப் பார்த்தாள். நாத்தனார் கண் பிதுங்க, கழுத்து நரம்பு புடைக்க, கடைசிச் சொட்டு வரை ஊதினாள்.

மூன்று புள்ளி நாலு ஒன்று. நூறு சதவீதம்.

இரண்டு பேரும் திரையைப் பார்த்தார்கள். நாத்தனார் மூச்சு வாங்கிக்கொண்டே, "பார்த்தீங்களா? அப்போ ஒண்ணு, இப்போ ஒண்ணு. நான்தான் சொன்னேனே, மெஷின் கோளாறு!" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு, வெற்றி வீராங்கனையாக வெளியே போனாள்.

ஊதக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். மெஷினில் கோளாறு இல்லை என்று அவளுக்கு மட்டும் தெரியும். மூன்றாம் வாரத்துக் கோடுகளைத் திரையில் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து பார்த்தாள். முழு மூச்சோடு ஊதினால் கோடு கூர்மையாக ஏறி இறங்கும். இங்கே இருபதும் மொட்டையாக இருந்தன. பத்தொன்பது வருஷ அனுபவத்தில் எந்த நோயாளியிடமும் இப்படிப்பட்ட கோட்டை ஒத்துக்கொண்டிருக்க மாட்டாள். நீச்சல்காரர்களின் கோடுகளை எடுத்தாள். ஒவ்வொன்றும் ஊசி. மூன்று லிட்டர் பம்பை மெஷினுக்குத்தான் மாட்டினாள், தன் தொண்டைக்கு மாட்டவில்லை. அவளுக்கு வெட்கம், அதைவிடப் பயம்.

அன்று சாயங்காலமே டாக்டரிடம் போய்ச் சொன்னாள். அந்த மட்டில் தைரியசாலிதான். டாக்டர் கோடுகளைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

"அறுபது பேரையும் மறுபடி ஊத வைக்கணும்."

"ஊத வைக்கிறேன் சார்."

"ஆனா காரணம் என்ன எழுதறது? நீங்க சரியா கத்தலைன்னு எழுதினா, நீங்க இத்தனை வருஷம் எழுதின எல்லா ரிப்போர்ட்டையும் நாளைக்கு ஒருத்தன் கேள்வி கேட்பான். கருவிக் கோளாறுன்னு போட்டுடுவோம். மெஷினுக்கு என்ன, மானமா போகப்போகுது?"

ஊதக்கா சரி என்று தலையாட்டினாள். ஆட்டிய தலை வீட்டுக்கு வரும்வரை நிமிரவில்லை. சோறு போட்ட மெஷின் மேல் பழி போட்டாயிற்று. அதைவிட எரிச்சல், மையம் முழுக்க நாத்தனார் "நான் அன்னைக்கே சொன்னேன், மெஷின் கோளாறுன்னு" என்று மார் தட்டிக்கொண்டு திரிவது. தபால்காரர் அந்தச் செய்தியையும் தவறாமல் வீட்டில் பட்டுவாடா செய்தார்.

மறு சோதனைக்கு இரண்டே நாள். இந்தத் தடவை டாக்டர் மூன்று கூட்டத்தையும் சீட்டுக் குலுக்கிக் கலந்துவிட்டார். மேஜை மேல் தன் செல்போனை வைத்து, சத்தத்தின் அளவு காட்டும் முள்ளைத் திரையில் ஓடவிட்டார். கத்தும்போது முள் ஒவ்வொருவருக்கும் ஒரே கோட்டைத் தொட வேண்டும். ஊதக்கா காலையில் பம்பைத் தள்ளிவிட்டு, ஆளில்லாத நாற்காலியைப் பார்த்து நாலு தடவை கத்தி முள்ளைச் சரிபார்த்துக்கொண்டாள். துப்புரவு வேலை செய்பவர் கதவைத் திறந்து பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் மூடிக்கொண்டு போனார்.

அறுபது பேரும் ஊதினார்கள். மகள் போன தடவையைவிடக் குறைவு. "அம்மா, எனக்குக் கம்மியா கத்திட்டே!" என்று சண்டைக்கு வந்தாள். "எல்லாருக்கும் ஒரே கத்தல்தான், போ" என்றாள் ஊதக்கா. சிட்டு முப்பதாவது ஆளாக வந்தாள். குழாயைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி, "நான் மறுபடியும் கடைசிதான் வருவேன்" என்றாள். ஊதக்கா கத்தினாள். முள் கோட்டைத் தொட்டது. பெண் முகம் சிவக்க ஊதினாள். நூற்று இரண்டு சதவீதம்.

சிட்டு திரையை ரொம்ப நேரம் பார்த்தாள். "அக்கா, போன தடவை ஏன் இப்படிச் சொல்லித் தரலை?"

"போன தடவை... மெஷின் சரியில்லைம்மா" என்றாள் ஊதக்கா. சொல்லிவிட்டு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியாமல், கிளிப்பைத் துடைப்பதுபோல் திரும்பிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை கமிட்டி. நீளமான மேஜை. ஒரு பக்கம் செயலாளரும் உறுப்பினர்களும், மறுபக்கம் டாக்டர், பயிற்சியாளர்கள், ஓரத்தில் ஊதக்கா. டாக்டர் அறிக்கையை வாசித்தார். நீச்சல் நூற்றெட்டு. ஓட்டம் நூற்றொன்று. பளுதூக்குதல் நூறு. "நீச்சல் கொஞ்சம் கூடத்தான். ஓட்டத்துக்கும் பளுதூக்குறதுக்கும் மூச்சளவுல பெரிய வித்தியாசம் இல்லை. பளு தூக்குறதால நுரையீரல் கெடலை. முதல் சுற்று கருவிக் கோளாறால் ரத்து செய்யப்பட்டது" என்று முடித்தார்.

நாத்தனார் நிமிர்ந்து உட்கார்ந்தாள். செயலாளரும் நிமிர்ந்தார். விடாக்கண்டன் அவர்.

"டாக்டர் சார், ஒரு சின்னச் சந்தேகம். மெஷின் ஒரு தடவை கோளாறுன்னா, ரெண்டாவது தடவை சரியா இருந்துச்சுன்னு என்ன நிச்சயம்? ரிப்பேர் பண்ணீங்களா?"

டாக்டர் விழித்தார். கோளாறே இல்லாத மெஷினை எங்கே ரிப்பேர் செய்வது?

"பண்ணலை இல்லையா? அப்போ ரெண்டு கணக்கையும் ஓரமா வெச்சுடுவோம். ஹாலை நம்ம பழைய திட்டப்படியே காலி பண்ணிக்கலாம். கையெழுத்துப் போடுங்க" என்று காகிதத்தை உறுப்பினர்கள் பக்கம் நகர்த்தினார்.

நாத்தனார் எப்படி மறுப்பாள்? மெஷின் கோளாறு என்று ஊரெல்லாம் சொன்னவளே அவள்தானே. தன் வாயாலேயே தன் பிள்ளைகள் கெட்டார்கள் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. மேஜை மேல் இருந்த அந்தப் பெரிய கைகள் இரண்டும், நூறு கிலோ இரும்பைத் தூக்கும் கைகள், அந்தக் காகிதத்தைத் தடுக்க நீண்டு பாதியில் நின்றன. ஊதக்கா அந்தக் கைகளைப் பார்த்தாள். எழுந்து நின்றாள்.

"மெஷின்ல கோளாறே இல்லை சார்."

"நீங்க உட்காருங்கம்மா" என்றார் டாக்டர் மெதுவாக.

"இல்லை சார், சொல்லிடறேன். கோளாறு என்கிட்ட." ஆறடிக் குரல் அன்றைக்கு ஓரடி கூட இல்லை. "இந்தச் சோதனையில கத்தறதும் ஒரு பாகம். கத்தலைன்னா யாரும் முழுசா ஊத மாட்டாங்க. நீச்சல் வாரத்துல என் பொண்ணு இருந்தா. தொண்டை கிழியக் கத்தினேன். பளுதூக்குற வாரத்துல இவங்க நின்னாங்க." நாத்தனார் பக்கம் கை காட்டினாள். "இவங்க என் நாத்தனார். எங்களுக்குள்ள எட்டு மாசமா பேச்சு இல்லை. அந்தக் கோவத்துல நான் வாயே திறக்கலை. 'ஊதுங்க'ன்னு சொல்லிட்டு மரமா நின்னேன். அந்தப் பிள்ளைங்க கம்மியா ஊதலை, நான்தான் கம்மியா கத்தினேன். ரெண்டாவது சுற்றுல எல்லாருக்கும் ஒரே சத்தம், டாக்டர் அளந்து வெச்சிருக்கார். கோடு எல்லாம் கொண்டுவந்திருக்கேன், பாருங்க."

நீச்சல் பயிற்சியாளர் களுக்கென்று சிரித்துவிட்டு, வேறு யாரும் சிரிக்காததைப் பார்த்து இருமலாக மாற்றிக்கொண்டார். கோடுகள் மேஜையைச் சுற்றி வந்தன. மொட்டையையும் ஊசியையும் பார்க்க டாக்டர் பட்டம் தேவையில்லை. எல்லாரும் செயலாளரைப் பார்த்தார்கள். செயலாளர் வீட்டிலும் ஒரு மனைவி உண்டு, பக்கத்துத் தெருவில் ஒரு தங்கை உண்டு. அவர் மின்விசிறியைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

"நாத்தனார் விஷயம்னா... நடக்கக்கூடியதுதான்" என்றார். காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "ஹால் இருக்கட்டும்."

ஊதக்காவுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. நியாயம்தான் என்று கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள். அதெல்லாம் அடுத்த வாரம். அன்றைக்கு, கமிட்டி அறைக்கு வெளியே மாடிப்படியில், நாத்தனார் வழியை மறித்துக்கொண்டு நின்றாள். நன்றி சொல்லத்தான் நிற்கிறாள் என்று ஊதக்கா நினைத்தாள்.

"கோவம் என்மேல. என் பிள்ளைங்க என்ன பண்ணாங்க அண்ணி?"

"தப்புதான்" என்றாள் ஊதக்கா. "பெரிய தப்பு. மன்னிச்சுடு."

"என்கிட்ட எதுக்கு? நானும்தான் வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்கலை." நாத்தனார் மூக்கை உறிஞ்சினாள். "நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு ஹாலுக்கு வாங்க. அவங்ககிட்ட நீங்களே சொல்லணும்."

போனாள். இருபது பிள்ளைகளும் வரிசையாக நிற்க, நடுவில் ஐந்தடிகூட இல்லாத ஊதக்கா நின்று, கமிட்டியில் சொன்னதையே சொன்னாள். பெரியவர்களிடம் சொன்னதைவிட இது கஷ்டமாக இருந்தது. பையன்கள் தரையைப் பார்த்தார்கள். சிட்டு மட்டும் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ என் நுரையீரலுக்கு ஒண்ணும் இல்லையா அக்கா?"

"ஒண்ணும் இல்லைம்மா. நல்லா இருக்கு."

"நிஜமாவா? மெஷின் சரியில்லைன்னதால அந்த நூத்தி ரெண்டையும் நான் நம்பலை, எனக்குத்தான் பிறவியிலேயே பாதி மூச்சுன்னு நெனச்சேன். அடுத்த பருவம் வேண்டாம்னு வீட்ல சொல்லிட்டேன். அம்மாகூடச் சரின்னுட்டாங்க." சொல்லிக்கொண்டிருக்கும்போதே பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது, அதோடு சிரிப்பும் வந்துவிட்டது. ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டு இருந்ததற்கு இவ்வளவு பெரிய விலையை ஒரு குழந்தை கொடுக்கப் பார்த்திருக்கிறது. அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு ஊதக்காவும் அழுதாள். எதிரே நாத்தனார் கூரையைப் பார்த்துக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

"போதும், போதும். அழுதா உடம்பு தளர்ந்துடும்" என்று நாத்தனார் கையைத் தட்டினாள். "சிட்டு, கம்பிக்கிட்ட போ. உன் அளவுல ரெண்டு கிலோ கூட்டி வெச்சிருக்கேன்."

சிட்டு கண்ணைத் துடைத்துக்கொண்டு, உள்ளங்கையில் வெள்ளைப் பொடியைத் தடவிக்கொண்டு போய் நின்றாள். குனிந்து கம்பியைப் பிடித்தாள். பிடித்தவள் தூக்காமல் தலையைத் திருப்பினாள்.

"அக்கா, ஏன் சும்மா நிக்கறீங்க? கத்துங்க."